எடுத்து வைத்த பங்கு

ஜூன் 6, சனி

பொங்கலுக்குப் பிறகு அம்மா இன்றுதான் தெருவைப் பார்த்தாள். நாங்கள் இருப்பது மாடி வீடு. படி செங்குத்தாக இருக்கும். கீழ் வீட்டுச் சண்முகக்கனி அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினார்கள். நான் அம்மாவின் கால்களைப் பிடித்தபடி பின்பக்கமாக இறங்கினேன்.

"சப்பரத்துல அம்மன் எறங்குத மாதிரி இருக்கு பெரியம்மா" என்றாள் அக்கா.

"அம்மன் இம்புட்டு கனமா இருக்க மாட்டாட்டி" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்ததில் நாற்காலி ஆடியது.

முட்டு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு முட்டும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. மாற்றினால் அம்மா நடப்பாள், படி இறங்குவாள். ஆனால் இப்போது மாற்ற முடியாது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பத்தைத் தாண்டியிருக்கிறது. எட்டுக்குக் கீழே வராமல் கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். எடையும் குறைய வேண்டும்.

"கொறச்சுட்டு வாங்க, தேதி தாரேன்."

"கொறையலன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"இப்படியே இருக்க வேண்டியதுதான்."

இன்னொரு தரம் இறங்க வேண்டாமென்று அதே ஆஸ்பத்திரியில் சர்க்கரை டாக்டர் நவநீதனையும் பார்த்தோம். மாத்திரை மட்டும் இனிப் பற்றாது என்றார். வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, சர்க்கரையையும் குறைக்கும், எடையையும் குறைக்கும், இரண்டு வகை இருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள், பேசி ஒன்றை எடுப்போம் என்றார். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். கடைக்காரனிடம்கூடச் சொல்லுவாள்.

மாடி ஏறும்போது நாற்காலி ஆடவில்லை.


ஜூன் 9, செவ்வாய்

மூன்று நாளாக ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிறேன். ஒன்று செமாகுளூடைட். இன்னொன்று டிர்செபடைட். அம்மாவிடம் பெயர்களைச் சொன்னேன்.

"ரெண்டும் வடநாட்டுச் சாமியாரு பேரு மாதிரில்லா இருக்கு."

அதனால் முதலில் வந்ததற்கு மூத்தவள் என்றும் பிறகு வந்ததற்கு இளையவள் என்றும் வீட்டில் பெயர் வைத்துவிட்டோம்.

சாப்பிட்டதும் குடலில் ஒரு சுரப்பு ஊறி, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கிறது, இன்சுலினையும் வரவழைக்கிறது. மூத்தவள் அந்தச் சுரப்பைப் போல நடிக்கிறாள். இளையவள் அதோடு இன்னொரு சுரப்பைப் போலவும் நடிக்கிறாள். நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் இளையவள் சர்க்கரையையும் எடையையும் கூடுதலாகக் குறைத்திருக்கிறாள். மூத்தவளைப் பற்றி, இதயம், சிறுநீரகம் என்று, அதிக வருடங்களின் கணக்கு இருக்கிறது. விலையும் குறைவு. இருவருக்கும் பொதுவானவை: குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். கணையத்தில் அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் பக்கமே போகக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கினால் கண்ணில் கோளாறு கூடலாம். முதலில் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குச் சனிக்கிழமையே அதே ஆஸ்பத்திரியில் கண் பார்த்தாயிற்று.

இவையெல்லாம் சராசரிகள். சராசரி என்பது யாருடைய உடம்பும் இல்லை என்று வருடா வருடம் முதல் வகுப்பில் சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள்.

டாக்டரிடம் பேசினேன். மூத்தவளில் தொடங்குவோம் என்றார்.


ஜூன் 14, ஞாயிறு

ஊசிக்கு நாள் பார்த்தது அம்மா. செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். மற்ற நாட்களில் நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் விளக்கு வைத்துவிடுவாள். விளக்கு வைத்த பிறகு ஊசியைத் தொடக் கூடாது. அது தைக்கிற ஊசிக்கு என்றேன். "ஊசின்னா ஊசிதான்." ஆக ஞாயிறு காலை.

பேனா மாதிரிதான் இருக்கிறது. ஒரு பேனா ஒரு மாதத்துக்கு. வாரா வாரம் நுனியில் புது ஊசி மாட்டி, அடியில் உள்ள திருகைத் திருக வேண்டும். டிக் டிக் என்று சத்தம் வரும். சரியான எண் வந்ததும் வயிற்றில் குத்தி அழுத்த வேண்டும். இரண்டு முறை செய்து காட்டினேன்.

"சரி, நானே போட்டுக்கிடுதேன். நீ வெளிய போ."

"நான் பாக்கணும்லாம்மா."

"வயித்தத் தொறந்துகிட்டு ஒன் முன்னால இருக்கணுமாக்கும்? போட்டி அங்கிட்டு."

கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியில் நின்று டிக் டிக் சத்தத்தைக் கேட்டேன்.

அம்மா சத்துணவு மையத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்றவள். அவள் மையத்தில் கடைசிப் பிள்ளைக்கு முட்டை இல்லாமல் போனதாக ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. சாம்பாரைக் கரண்டிக்குக் கரண்டி நிரவி, வரிசையின் கடைசிவரை கொண்டுபோய்விடுவாள். இந்தப் பேனாவையும் அவள் சமாளித்துவிடுவாள்.


ஜூன் 17, புதன்

குமட்டல் இல்லை. வாந்தி இல்லை. பசி கொஞ்சம் மந்தம் என்கிறாள்.


ஜூன் 28, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஐந்து பேர். ஜாதகம் பொருந்திய பிறகு வந்தவர்கள். அம்மாவால் எழுந்து நின்று வரவேற்க முடியவில்லை, நாற்காலியிலிருந்தே கும்பிட்டாள். நான் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளை வங்கியில் இருக்கிறார். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள்: "பொண்ணு நல்லா பூசினாப்ல இருக்கா. போட்டோல தெரியல."

"எங்க வீட்டு வாகு அப்படி" என்றாள் அம்மா.

இதைக் குறித்து வைப்பது அந்தச் சொல்லுக்காக மட்டும். பூசினாப்ல. சுவருக்குச் சொல்ல வேண்டிய சொல் எப்படி உடம்புக்கு வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் இல்லை.

அவர்கள் போன பிறகு மிச்சமிருந்த கேசரியைச் சண்முகக்கனி அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள் அம்மா. வீட்டில் இனிப்போ பலகாரமோ எது செய்தாலும் எனக்கென்று ஒரு பங்கு என் சின்னத் தூக்குவாளியில் இருக்கும். மூடியில் ஆ.செ. என்று வெட்டியிருக்கும் ஆவுடைச்செல்வியின் தூக்குவாளி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் கல்லூரியிலிருந்து வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் "எடுத்து வச்சிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இன்று வரவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

எனக்கும் பசியில்லை.


ஜூலை 5, ஞாயிறு

டிக் சத்தம் இன்று சீக்கிரம் நின்றுவிட்டது. கை பழகிவிட்டது போல.


ஜூலை 11, சனி

பேனா தீர்ந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றாள். புதிது வாங்கி வந்தேன். நாளை முதல் அளவு கூடுகிறது. மாவு அரைத்தேன். போர்வைகள் துவைத்தேன். விடைத்தாள் ஒரு கட்டு அப்படியே கிடக்கிறது.


ஜூலை 22, புதன்

ஆசிரியர் அறையில் இந்த ஊசிதான் பேச்சு. வணிகவியல் துறை ஹெலன் மேடத்தின் நாத்தனார் போட்டுக்கொண்டு ஆளே பாதியாகிவிட்டாளாம். "ரவிக்க எல்லாம் தொளதொளன்னு தொங்குதாம் மிஸ்" என்றார். எல்லோரும் என் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். பார்க்காமல் இருக்க எடுக்கும் முயற்சி வெளியே தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் அம்மாவுக்கு அதுதான் போடுகிறோம், அதனால் அதைப் பற்றித் தெரியும் என்றேன். என் சாப்பாட்டைத் துறை நூலகத்தில் சாப்பிடுவது வழக்கம். அங்கே காற்று வரும். படிக்கவும் வசதி.


ஆகஸ்ட் 9, ஞாயிறு

எடை குறையவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை பெயருக்கு இறங்கியிருக்கிறது. அம்மா நேற்று நான்கு தோசை சாப்பிட்டாள். இந்த அளவு மருந்துக்கு இரண்டே அதிகம்.

டாக்டர் நவநீதன் வீடியோவில் வந்தார். "ஊசி ஒழுங்காப் போடுதீங்களாம்மா?"

"வாரந் தவறாமப் போடுதேன் ஐயா. எனக்கு அது சேரல போலருக்கு."

அளவை இன்னொரு படி ஏற்றச் சொன்னார். பேச்சு முடிகிற இடத்தில், என் தோழி ஒருத்திக்காக ஒரு சந்தேகம் கேட்டேன். சர்க்கரை கிடையாது, எடை மட்டும்தான். அவள் போடலாமா?

"உயரம், எடை, வேற என்ன தொந்தரவு இருக்குன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும். அவங்களையே வரச் சொல்லுங்க. நிறுத்துனா எடை திரும்ப ஏறும், அதையும் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். அம்மா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதைத் தவிர இன்று எழுத ஒன்றுமில்லை.


ஆகஸ்ட் 30, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து தரகர் வழியாகப் பதில். ஜாதகம் பொருந்தவில்லையாம்.


செப்டம்பர் 3, வியாழன்

அம்மா இன்று கழிவறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அப்படியே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று சொல்லவில்லை. "இப்பத்தான்" என்றாள். சேலை நனைந்திருந்தது. மாற்றிவிட்டேன். இருவரும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினோம்.


செப்டம்பர் 12, சனி

பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஒன்பதே முக்கால். மூன்று மாதத்துக்கு இதுவா? முட்டு டாக்டரிடம் காட்ட ஒன்றுமில்லை.

டாக்டர் நவநீதனுக்குப் போன் செய்தேன். "சிலருக்குக் கேக்காதும்மா. இளையதுக்கு மாத்திருவோம்." எங்கள் வீட்டுப் பெயர் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டையும் திரும்ப ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மூத்தவள் கேட்காத பத்தில் ஒருத்தி என் அம்மா என்று ஒப்புக்கொள்வதற்காகத்தான் படித்தேன். ஆய்வுகளில் ஒரு முறை உண்டு. மருந்து கொடுக்கப்பட்டவர் அதைப் போட்டுக்கொண்டாலும் சரி, போடாமல் விட்டாலும் சரி, அந்த மருந்தின் கணக்கில்தான் சேர்ப்பார்கள். மனிதர்கள் மருந்தை என்ன செய்வார்கள் என்பதும் மருந்தின் குணத்தில் சேர்ந்தது என்று பொருள். இதை வகுப்பில் நடத்தும்போது எனக்குப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை. அசதியாக இருக்கிறது.


செப்டம்பர் 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இளையவளை ஐஸ் பொட்டலத்தோடு வாங்கி வந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் இடமில்லை. நடுத்தட்டில் வைக்கலாமென்று மாவுப் பாத்திரத்தை நகர்த்தினேன். அதற்குப் பின்னால் என் தூக்குவாளி இருந்தது. இரண்டு மாதமாகக் கண்ணில் படவில்லை. பரணில் போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். உள்ளே கேசரி இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

திறந்தேன். ஈரம் படாமல் வெள்ளைத் துணியில் சுற்றி மூன்று பேனாக்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் மருந்து தெரிந்தது.

அம்மா முக்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, இது என்னம்மா?"

நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நறுக்கினாள். "மூடி வையி. குளிர்ச்சி போயிரும்."

"தீந்துட்டு, குப்பையில போட்டுட்டேன்னு சொன்ன?"

"தீரல."

"ஒன்னுல கொஞ்சம், மத்த ரெண்டுலயும் பாதி கெடக்கும்மா."

"பாதி நான் போட்டுக்கிட்டேன்லா."

"மீதி?"

"ஒனக்கு எடுத்து வச்சிருக்கேன்."

சோறு எடுத்து வைத்ததைச் சொல்லுகிற அதே குரல். கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கோவில்பட்டிக்காரர்கள் வந்துபோனதிலிருந்து எல்லா டிக்கும் திருகாமல், ஒவ்வொரு வாரமும் பாதியில் நிறுத்தியிருக்கிறாள். சாம்பாரை நிரவியது போல நிரவியிருக்கிறாள்.

"எனக்கெதுக்கும்மா ஊசி? எனக்கென்ன சர்க்கரையா?"

"அந்த டாக்டர்ட்ட கேட்டேல்லா, தோழிக்குன்னு."

"தோழிக்குத்தான் கேட்டேன்."

"எந்தத் தோழிட்டி? ஒனக்கேது தோழி, புஸ்தகத்த விட்டா?"

அந்த இடத்தைத் தாண்டி வேறு பக்கமாகக் கத்தினேன். "எட்டுக்குக் கீழ வந்தாத்தான் முட்ட மாத்துவேன்னு டாக்டர் சொன்னாருல்லா? ஒன் காதாலதான கேட்ட? மருந்து ஒனக்குக் கேக்கலன்னு அவரு நம்புதாரு. நான் நம்புதேன். விடிய விடிய ரெண்டையும் வச்சுக் கணக்குப் பாத்துட்டு இருக்கேன் நான்!"

"முட்ட மாத்திட்டு நான் எங்க ஓடப் போறேன்? ஒனக்குத்தான் காரியம் ஆகணும். கோயில்பட்டிக்காரி சொன்ன சொல்லு காதுக்குள்ளயே கெடக்கு. ஊட்டி ஊட்டி வளத்தது நானு. அப்போ கொறைக்க வேண்டியதும் நாந்தான?"

"சொல்லிட்டாவது செஞ்சிருக்கலாம்லா?"

"சொன்னா நீ போட மாட்ட. முழுசா சேரட்டும், பொறவு காட்டுவோம்னு இருந்தேன்."

கீழிருந்து சண்முகக்கனி அக்கா குரல் கொடுத்தாள். "ஏட்டி ஆவுடை, என்ன சத்தம்?"

"ஒன்னுமில்லக்கா. ஃபிரிட்ஜ்."

"ஃபிரிட்ஜா கத்துது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தரையில் உட்கார்ந்தேன்.

"நீ போட்ட பேனாவ நான் போடவே கூடாதும்மா."

"ஏன்? வாரா வாரம் புது ஊசிதான மாட்டுதேன். நீயும் புதுசு மாட்டிக்கோ."

"ஊசி புதுசுதான். ஆனா குத்தும்போது கண்ணுக்குத் தெரியாம ரத்தம் பேனாவுக்குள்ள ஏறிக்கிடும். நோய் தொத்திக்கிடும். பெத்த அம்மாவா இருந்தாலும் ஒருத்தர் பேனாவ இன்னொருத்தர் தொடக் கூடாது. தொறந்து இத்தன நாளான மருந்து வேற."

"அதான் ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன்லா."

அவளுக்குப் புரியவில்லை. தொற்று, கிருமி, காலாவதி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், அவரைக்காயை நறுக்கினாள். நான் படித்த கட்டுரைகளில் இருந்த எந்தச் சொல்லும் அவளிடம் போய்ச் சேரவில்லை. கடைசியில் எங்கிருந்தோ அந்தச் சொல் வந்தது.

"எச்சில்ம்மா. அது எச்சில்."

கத்தி நின்றது.

மையத்தில் உப்புப் பார்க்க அவள் கரண்டியை வாயில் வைத்ததில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, கையைக் கழுவிவிட்டு வருவாள். ஒருமுறை ஆயா ஒருத்தி கடித்த வாழைப்பழத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

"எச்சிலா?"

"ஆமா."

"எச்சிலையா ஒனக்கு எடுத்து வச்சேன்?"

அவள் கண் நிறைந்தது. முட்டுக்காக அழாதவள், சுவரைப் பிடித்து நின்ற அன்று அழாதவள். "அதக் கொண்டா" என்று தூக்குவாளியைக் கேட்டாள். பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். துணியை உருவி அவற்றின்மேல் போட்டு மூடினாள், முகத்தை மூடுவது போல.

"இத ஆஸ்பத்திரிக் குப்பையில போட்டுரு. வாளியப் புளி போட்டுத் தேச்சுக் கவுத்தி வையி."

தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். அவரைக்காய்ப் பொரியலை நான்தான் தாளித்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.


செப்டம்பர் 14, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். "அப்போ மூத்தது கேக்கலன்னு சொல்ல முடியாதே" என்றார். குறைந்த அளவிலிருந்து திரும்பத் தொடங்கி, முழுசாகப் போட்டு மூன்று மாதம் பார்ப்போம். இளையதைச் சீல் உடைக்காமல் ஃபிரிட்ஜிலேயே வைத்திருங்கள், பற்றவில்லை என்றால் அதற்கு மாறுவோம்.

இத்தனை நாள் நான் ஒப்பிட்டது மூத்தவளையும் இளையவளையும் இல்லை. ஒரு மருந்தையும் என் அம்மாவையும்.


செப்டம்பர் 20, ஞாயிறு

இனி நான்தான் போடுவேன் என்றேன். அம்மா எதிர்க்கவில்லை. சேலையை விலக்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. என்னை எடுத்த இடம். அதைச் சுற்றித் தோல் வரிவரியாக, வெயிலில் காய்ந்த குளத்துத் தரை மாதிரி. என் வயிற்றிலும் இதே வரிகள் உண்டு. எங்கிருந்து வந்தன என்று யோசித்ததில்லை.

"பாக்காதட்டி."

"பாக்காம எப்படிக் குத்த?"

எல்லா டிக்கையும் அவள் காதுபடத் திருகினேன்.


அக்டோபர் 21, புதன்

அளவு கூடக் கூடக் குமட்டல். காலையில் ஒரு இட்லி, அதுவும் வெளியே வந்துவிட்டது. வாளியும் துடைப்பமுமாக அலைகிறேன். "சோத்தப் பாத்தாலே ஓங்கரிக்கி. கொதிக்கிற ஒலையில மொகத்தக் காட்டிட்டு நின்ன ஆளு நானு" என்கிறாள். டாக்டர் அளவை இன்னும் சில வாரம் ஏற்றாமல் வைக்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் குறைத்து. மோரும் கஞ்சியும்.

எடை இறங்கத் தொடங்கியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். நாளை பட்டுவிடலாம், இன்று தூக்கம் வருகிறது.


நவம்பர் 14, சனி

அம்மாவின் காகிதங்களோடு டாக்டரிடம் போனேன். பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"தோழி வந்திருக்கேன் டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. எடை பார்த்தார், உயரம் பார்த்தார், மாதவிலக்கு பற்றிக் கேட்டார், சில ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு வரட்டும், போடலாமா வேண்டாமா என்று பேசுவோம், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

எனக்கு என்ன வேண்டும் என்று கடைசியாக யார் கேட்டார்கள் என்று பேருந்தில் நினைத்துப் பார்த்தேன். பரிசோதனை எடுத்தேன். இன்னும் முடிவு செய்யவில்லை. கோவில்பட்டிக்காரி சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் ஆகும்வரை முடிவு செய்யப் போவதில்லை.

ஆம், அன்று எனக்கு வலித்தது.


டிசம்பர் 19, சனி

ஏழே முக்கால்.

முட்டு டாக்டருக்குக் காகிதத்தை அனுப்பினேன். பொங்கல் கழிந்து தேதி தருகிறேன், மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசி போடுவதை மறக்காமல் சொல்லுங்கள், அதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார் என்று பதில் வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு சண்முகக்கனி அக்காவைக் கூப்பிட்டு மூன்றாவது முறை.

"இனிமே அம்மன் தானே எறங்கி வந்துருவா" என்றாள் அக்கா.

"வந்து மொதல்ல ஒன் வீட்டுக்குத்தான் வருவேன். எம்புட்டு நாளு அந்தக் கேசரிக்கிண்ணத்தத் திருப்பித் தராம வச்சிருக்க?"

மதியம் உளுந்தஞ்சோறு வேண்டுமென்றாள் அம்மா. அவள் முக்காலியில் இருந்து சொல்லச் சொல்ல நான் வைத்தேன். தோல் உளுந்தை வறுக்கும்போது ஏழு தடவை "தீயக் கொறட்டி" என்றாள். எள்ளுத் துவையல் அரைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு தட்டு போட்டு, எதிரெதிரே உட்கார்ந்தோம்.

நாலு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது உருண்டையைக் கையில் பிடித்தபடி இருந்தாள். பிறகு தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"போதும்ட்டி."

அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொல்லி, அவள் காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி வைக்கிற சொல் அது. தட்டில் பாதிக்கு மேல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் கை தட்டை என் பக்கம் நகர்த்தியது. பாதி வழியில் நின்றது.

"எச்சில்லா" என்றாள். "கீழ நாய்க்குப் போட்டுரு."

அவள் கை தட்டின் விளிம்பிலேயே இருந்தது. நான் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

"ஏட்டி, எச்சிலுட்டி அது."

"இது சோறும்மா."

அவள் பிடித்து வைத்த உருண்டையிலிருந்து தொடங்கினேன். துவையலில் உப்பு ஒரு கல் கூடுதல். உளுந்து நன்றாக வறுபட்டிருந்தது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நான் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியானது.

"இன்னுங் கொஞ்சம்..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குப் பசித்தது. தட்டை நீட்டினேன்.